பதினொரு பேர் எழுந்தார்கள்

எனக்குச் சாப்பாட்டில் ருசி பார்க்கிற பழக்கம் கிடையாது ஐயா. ஜெயிலில் களி வேகவில்லை, குழம்பில் உப்பில்லை என்று மற்றவர்கள் சத்தம் போடுகிறார்கள். நான் என் தட்டைப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுகிறேன். வந்து பதினேழு நாளாகிறது. என்னைப் பற்றி வார்டர்கள் ஒரு புகாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நான் பேய் என்று சொல்லும்போதெல்லாம் உங்கள் குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். போன தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் ஆம்பூரில் இருந்தவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் வேலூரில் இருந்தீர்கள். அது உங்கள் அதிர்ஷ்டம். நான் கோபத்தில் சொல்லவில்லை.

என் பெயர் கன்னியப்பன். வயது நாற்பத்து நான்கு. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி கழன்று வரும்வரை தினமும் புரட்டிக் கொடுக்க வேண்டும். இடுப்பளவு குழியில் இருபத்தைந்து வருஷம் நின்றிருக்கிறேன். மனைவி பூவம்மாள். ஒரே பிள்ளை. பிறந்த நாற்பதாம் நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவனை அவள் பாதிரியாரிடம் தூக்கிக்கொண்டு ஓடி ஞானஸ்நானம் வாங்கி, தேவசகாயம் என்று பெயர் வைத்துத் திரும்பினாள். பிழைத்துக்கொண்டான். வளர்ந்து பாதிரியார் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்புக்கு வாத்தியார் ஆனான். வயது பத்தொன்பது. எங்கள் பேட்டையில் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் என் மகன்தான்.

என் வியாதியைப் பற்றியும் கேட்டீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை வாங்கி வர ஆலங்காயம் போயிருந்தேன். மலை ஏறும் இடத்தில் வண்டிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது ஒன்று என் கழுத்தைப் பிடித்தது. அதன் முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பட்டை வெட்டுகிறவர்கள் என்னைப் புதரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கூழ் இறங்கவில்லை. ரத்தம்தான் இறங்கியது. ஊரில் இதற்குக் காட்டேரி என்று பெயர். காட்டேரி என்றால் வெயிலில் வராது, கோயிலைத் தாண்டாது என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றுமில்லை. பலம் மட்டும் கூடியது. நாலு ஆள் தூக்குகிற ஈரத்தோல் கட்டை ஒரு கையால் தூக்குவேன்.

ஒன்பது வருஷமும் நான் ஒரு மனிதரைத் தொட்டதில்லை. ஆட்டுத்தொட்டியில் கசாப்பு வேலை செய்கிற கவுஸ் பாஷா என் தோஸ்த். அவர்கள் ரத்தத்தை வடியவிட்டு ஊற்றிவிடுவார்கள். அவன் ஒரு சட்டியை எனக்காக எடுத்துவைப்பான். எதற்கு என்று முதல் நாள்கூடக் கேட்கவில்லை. பூவம்மாள்தான் விடிந்ததும் போய் முந்தானையால் மூடி வாங்கி வருவாள். அதைக் குடிக்கும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டதே இல்லை.

அவளைப் போன ஐப்பசியில் விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. எங்கள் பேட்டையில் மட்டும் முப்பத்தேழு வீடு காலி. பூட்டுவதற்குக்கூட ஆளில்லாத வீடுகள். அந்த வீடுகளில்தான் தை மாதம் பேய்கள் குடிவந்தன.

அவை உச்சி வேளையில் வரும். செத்தவர்களின் முகத்தோடு வந்து, வாசலில் நின்று, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னால் போயிற்று. வாய் திறக்கிற அந்த நேரத்தில் உள்ளே புகுந்துகொள்ளும். புகுந்த ஆள் இரண்டு நாள் சும்மா இருப்பார். மூன்றாம் நாள் வீட்டில் இருப்பவர்களைக் கொல்வார். பஜாரில் ஒரு தையல்காரன் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் இறக்கிவிட்டு, வந்து கை கழுவிச் சோறு தின்றான். மாசி பிறப்பதற்குள் ஊர் முழுக்க அவைதான். ரயில் ஸ்டேஷனில் நின்றன. பஜாரில், மசூதித் தெருவில், கோயில் குளத்தில் நின்றன. உச்சி வேளையில் ஊரில் ஒரு மனிதக் குரல் கேட்காது. பெரியவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் பதில் சொல்லிவிடக் கூடாதென்று வாய் கொள்ளாமல் வெல்லக்கட்டியை அடைத்துவிட்டார்கள். அத்தனை சனமும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க, தெரு முழுக்கப் பெயர்கள் மட்டும் கேட்கும்.

எங்கள் முதலாளி முதல் வாரமே குடும்பத்தோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அவர் ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. காசு இருந்தால் நானும் ஏறியிருப்பேன். ஆனால் அங்கிருந்து கடுதாசி எழுதினார். குழியில் தோல் கிடக்கிறது, புரட்டாமல் விட்டால் அழுகிவிடும், ஆட்களைப் போகவிடாதே என்று. தேவாதான் படித்துச் சொன்னான். அதற்காகச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் எங்கள் பேட்டையின் வாயில் கயிறு கட்டினார். பேட்டையில் நோய் இருக்கிறதாம், வெளியே பரவக் கூடாதாம். ஷாப்புக்குப் போகலாம், வரலாம். வேறெங்கும் போகக் கூடாது. குடை பிடித்துக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்களை எண்ணுவார். உச்சி வேளையிலும் எங்களைக் குழியில் இறக்கினார்கள். குனிந்து தோல் புரட்டுகிறவனுக்குப் பின்னால் செத்துப்போன அண்ணன் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவன் திரும்பி 'இன்னாண்ணா' என்றுதான் சொல்வான். அப்படி நான்கு பேர் போனார்கள். தோல் அழுகக் கூடாது. நாங்கள் அழுகலாம்.

குரல் உயர்ந்துவிட்டதா ஐயா? மன்னிக்கணும். சங்கிலி கெட்டியாகத்தான் இருக்கிறது.

என் வாசலுக்கு வந்தது பூவம்மாள். ஒரு வெள்ளிக்கிழமை. தேவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொளுத்துகிற வெயிலில் வெறுங்காலோடு நின்றாள். காய்ச்சலில் கொட்டிப்போன முடியெல்லாம் திரும்ப வளர்ந்திருந்தது.

"தேவா, கதவத் தொற. கால் சுடுது" என்றாள்.

அவன் எழுந்துவிட்டான். வாய் திறப்பதற்குள் பாய்ந்து அமுக்கினேன். அவன் என் உள்ளங்கையைக் கடித்தான். உதைத்தான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கோபமில்லாமல், மாவு சலிக்கிறபோது கூப்பிடுவாளே, அந்த மாதிரி. கதவில் சாய்ந்த அவள் மேலிருந்து ஒரு வாசனை வந்தது. பழைய சுண்ணாம்புத் தண்ணீர் வாசனை. வேறு யாருக்கும் அது தெரியாது, என் மூக்குக்கு மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் அவள் நகர்ந்ததும் கையை எடுத்தேன்.

"கால் சுடுதுன்னு சொன்னாங்க நைனா" என்றான். அன்று முழுக்க அழுதான். அப்போதுதான் எனக்குள் ஒன்று கட்டியாக உட்கார்ந்தது. இனி எவளும் எவனும் என் வாசலில் வந்து நின்று என் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது.

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே எல்லம்மா. பூவம்மாளோடு பட்டை இடிக்கப் போகிறவள், புருஷனில்லாதவள், ஒரே மகள் அமிர்தவள்ளியோடு இருந்தாள். தெரிந்த குரலைக் கேட்டதும் "யாரு, பூவம்மாளா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த நிமிஷம் சுவரைத் தாண்டி அந்தச் சுண்ணாம்பு வாசனை எனக்கு வந்தது. மூன்றாம் நாள் அவள் தன் மகளைக் கொன்றிருப்பாள்.

நான் போனேன். அமிர்தவள்ளியை வெளியே நிற்கச் சொன்னேன். எல்லம்மாவைப் பிடித்துக் கழுத்தில் வாய் வைத்தேன். பேய் ரத்தத்தில்தான் இருந்தது. கசப்பு என்று சொல்ல முடியாது, அது எரிந்தது. நாக்கெல்லாம் கொப்பளம். வெளியே வந்து கறுப்பாக வாந்தி எடுத்தேன். விடியும்வரை எடுத்தேன். என்னைப் பார்க்கப் பேட்டையே கூடிவிட்டது. கல்லைக்கூட எடுத்துவிட்டார்கள். தேவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் வேட்டி நுனியைத் தண்ணீரில் நனைத்து என் வாயைத் துடைத்தான்.

"எங்க நைனாவ யாரும் தொடக் கூடாது" என்றான்.

எல்லம்மா இரண்டு நாள் அசையாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வந்தார்கள். காட்டேரி என்று தெரிந்தும் வந்தார்கள். பேட்டையிலிருந்து மட்டுமா? கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், எங்களைத் தெருவில் நடக்கவிடாதவர்கள் வீட்டிலிருந்தும், கட்டிப்போட்ட ஆளைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து கயிற்றுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார்கள். பங்குனி முடிவதற்குள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் நாக்கு எரிந்து, வாந்தி எடுத்தேன். பதினொரு பேரும் மூன்றாம் நாள் எழுந்தார்கள். இது உங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும் ஐயா. ஒருவர் விடாமல் எழுந்தார்கள். மசூதித் தெருவில் சுகரா பேகம் என்ற அம்மாள் எழுந்ததும் எனக்கு ஒரு புது வேட்டி கொடுத்தனுப்பினார். பேட்டை ஆட்கள் ஆவாரம்பூ மாலை கட்டிப் போட்டார்கள். அத்தனைக்கும் நடுவில் தேவா பள்ளிக்கூடம் போய் வந்தான். பாதிரியார் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்ததால் கயிற்றைத் தாண்ட அவனை மட்டும் விட்டார்கள். கவுஸ் பாஷாவின் சட்டியையும் அவன்தான் வாங்கி வந்தான். போகும்போதும் வரும்போதும் பேட்டைக்குள் கயிறுவரை பத்தடி பின்னால் நான் நடப்பேன். அவன் நிழலைக்கூட ஒன்றும் தொடவில்லை.

சித்திரை பிறந்தது. உச்சி வேளையில் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. குழந்தைகள் வெல்லக்கட்டி இல்லாமல் தெருவில் ஓடின. பேய்கள் போய்விட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதம் ஊரையே ஆண்டவை சொல்லாமல் கொள்ளாமல் ஏன் போக வேண்டும்? அதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். முகம் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்கிறோம் என்று அவை கற்றுக்கொண்டிருக்கும். இனி உயிருள்ள ஆளின் முகத்தோடு, சிரித்துக்கொண்டு வரும்.

பஞ்சாட்சரம் அப்படித்தான் வந்தார். சித்திரை பதினெட்டாம் தேதி கயிற்றை அவிழ்த்தார். தன் கையாலேயே அவிழ்த்தார். பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை வாங்கி வந்திருந்தார். நாலு மாதம் கைக்குட்டையை எடுக்காதவர் முகத்தில் அன்று கைக்குட்டை இல்லை. பேட்டைக்குள் நடந்து என் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"கன்னியப்பா, எம்மேல உனக்குக் கோவம் இருக்கும். மேலேருந்து சொன்னாங்க, செஞ்சேன். தப்புதான். எம் மச்சினியக்கூட நீதான் காப்பாத்தின" என்றார். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் நிழல் பட்டால் குளிக்கிற மனிதர் என் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கேட்கிறார். உள்ளே வந்து பாயில் உட்காருகிறார். அது பஞ்சாட்சரமாக இருக்க முடியுமா? சுண்ணாம்பு வாசனையும் அடித்தது. லேசாகத்தான் அடித்தது. தண்ணீரைக் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்தார்.

அவர் எழவில்லை. மூன்றாம் நாள் பார்த்தோம், நான்காம் நாளும் பார்த்தோம். பேய் ஆழமாக வேர்விட்டுவிட்டது, பிடுங்கும்போது உயிரும் வந்துவிட்டது என்று சொன்னேன். ஆற்று மணலில் புதைத்தோம். தேடி வந்தவர்களிடம் பேட்டையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு மாதக் கயிறு அவர்களை அப்படி ஆக்கியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முறை எனக்கு வாந்தி வரவில்லை. நாக்கு எரியவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கவுஸ் பாஷாவின் சட்டியை வாயில் வைத்தபோது ஆட்டு ரத்தம் தொண்டையில் இறங்க மறுத்தது. கீழே வைத்தேன். கவுஸ் பாஷா கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"நெசத்தச் சொல்லு. அந்த ஆளுக்குள்ள பேய் இருந்துச்சா?"

"சுண்ணாம்பு வாசன அடிச்சிச்சு."

"உம்மேலயே அதான் அடிக்குது. இருபத்தஞ்சு வருசமா சுண்ணாம்புக் குழில நிக்கிற. நீ எங்க மோந்தாலும் அதான் அடிக்கும்." சட்டியை என் பக்கம் நகர்த்தினான். "பேய்ங்க போய்ட்டுது தோஸ்த். இப்ப இந்த ஊர்ல பசியோட திரியறது நீ ஒருத்தன்தான். இத்தக் குடி. குடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

நான் அவனிடம் கோபப்படவில்லை. ஒன்பது வருஷம் சோறு போட்டவன். சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

தேவாவும் கேட்டான். அவன் கேட்ட விதம் வேறு. என் முகத்தைப் பார்க்காமல், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "அவரு நெஜமாவே தண்ணி கேட்டாரா நைனா?" என்றான். ஆமாம் என்றேன். ஊசியைக் குத்திவைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவனுக்கும் அமிர்தவள்ளிக்கும் வைகாசியில் கல்யாணம் என்று எல்லம்மா பேசி முடித்திருந்தாள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் கல்யாணம் முடிந்ததும் இருவரும் கோலாருக்குப் போகிறார்களாம். தங்கச் சுரங்கத்துக் கூலிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், அங்கே வேலை, தங்க வீடு. இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள். சொன்னது உச்சி வேளையில். என் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, கையில் ஒரு கடுதாசியை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டாள்.

"தேவா, வெளிய வா. கோலார்லேருந்து வந்துடுச்சு."

அதே இடம். அதே நேரம். அதே மாதிரி. அவன் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பித்தான். நான் கதவைத் திறந்தேன். "மாமா, நீங்களா" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடுதாசியை நீட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. எங்கள் அமிர்தவள்ளி அப்படி மறக்கிறவள் இல்லை.

எல்லம்மா அழவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு தலை வாரிவிட்டாள். "நானும் இப்படித்தான கெடந்தேன். மூணாம் நாளு எழுந்துக்குவா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கஞ்சி காய்ச்சி மூடிவைத்தாள். தேவா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். மூன்றாம் நாள் மாலை அவன்தான் எல்லம்மாவின் கையைப் பிடித்து மடியிலிருந்து விலக்கினான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. எட்டு நாள் பள்ளிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டான். நான் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்து எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்து காவல் இருந்தேன். ஒன்பதாம் நாள் வகுப்பு விட்டதும் அவனே வந்தான். உடுப்பு வைக்கிற தகரப் பெட்டியை எடுக்க வந்தான்.

"நான் போறேன் நைனா. உன்னப் போலீஸ்ல சொல்ல மாட்டேன். யம்மா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா உன்கூட இருக்க மாட்டேன்."

"வெளிய அதுங்க இருக்குதுடா."

"வெளிய ஒண்ணும் இல்ல நைனா."

என் பிள்ளை என்னை விட்டுப் போகிறவன் இல்லை. கல்லெடுத்த கூட்டத்துக்கு முன்னால் என் வாயைத் துடைத்தவன். அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வருகிறதென்றால் பேசுவது அவன் இல்லை. நான் அருகில் போனேன். அவன் கையிலிருந்தும் சட்டையிலிருந்தும் வெள்ளையாக அந்த வாசனை வந்தது. வாத்தியார் கையில் சாக்கட்டித் தூள் இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். அப்போதும் தெரியும். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

அவன் ஓடவில்லை. ஓடியிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. "நைனா" என்று ஒருமுறை சொன்னான். ஒரு கையை என் தோளில் வைத்தான். தள்ளுவதற்கு வைத்தானா, பிடித்துக்கொள்வதற்கு வைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

ஆமாம் ஐயா. நான்தான் செய்தேன். என் வாயால்தான் செய்தேன். பஞ்சாட்சரம், அமிர்தவள்ளி, என் மகன் தேவசகாயம். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ருசியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அவனைப் பாயில் படுக்கவைத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஈ வந்தது, விரட்டினேன். மூன்றாம் நாள் கஞ்சி வைத்தேன். கண்ணிமை ஒருமுறை அசைந்தது. நான் பார்த்தேன். நான்காம் நாள் எல்லம்மா வந்து வாசலில் நின்றாள்.

"நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்" என்று சொன்னாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள்தான் கவுஸ் பாஷாவை அழைத்துக்கொண்டு போலீஸுக்குப் போனாள் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டேன்.

ஆறு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். அறுபது பேர் வந்திருந்தாலும் என்னைக் கட்டியிருக்க முடியாது. ஆனால் அவர்களில் பெரியவர், பையனை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறோம், டாக்டர் பார்த்தால் எழுந்துவிடுவான், நீ கையைக் கொடு என்றார். அதை நம்பித்தான் கையை நீட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அன்று சாயங்காலமே ஆம்பூரில் பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, ஆறடி ஆழத்தில் இறக்கி மூடிவிட்டீர்கள். வெறும் நாலு நாள்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் மூன்று நாள் என்றால் இவனுக்கு ஐந்து ஆகலாம், ஆறு ஆகலாம். பிறந்த நாற்பதாம் நாளே மூச்சு நின்று திரும்பி வந்த பிள்ளை அவன். இந்நேரம் அங்கே கண் திறந்திருப்பான். சவப்பெட்டியின் பலகையைத் தட்டியிருப்பான். மேலே மண். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பதினேழு நாளில் எனக்குக் கோபம் வந்தது இதற்கு மட்டும்தான் ஐயா, வேறு எதற்கும் இல்லை.

என் மகனைக் கொன்றவர் யார் என்று காகிதத்தில் ஒரு இடம் விட்டிருக்கிறீர்களே, அதில் என் பெயரைப் போடாதீர்கள். அந்தக் குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டது யார் என்று ஆம்பூருக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.